பின்வரிசையில் கற்ற பாடம்



இந்த வாரத் தியானப் பகுதி 2 சாமுவேல் 6ஆம் அதிகாரம். கர்த்தருடைய பெட்டி நகரத்துக்குள் வருகையில் தாவீது ராஜா நடனமாடுகிறான். மீகாள் பலகணியருகே நின்று அவனை மனதுக்குள் இகழ்கிறாள். இதை வாசிக்கும்போதெல்லாம் என் மாணவ நாட்கள் நினைவுக்கு வருகின்றன.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நான் படித்தேன். பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயா கிராமிய இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்த இடம் அது. கிறிஸ்து பிறப்பு இசை நாடகம் ஒன்றில், மேய்ப்பர்கள் வரும் காட்சியை ஒயிலாட்டமாக அமைக்கத் தீர்மானித்தோம். அடவு கற்பிக்க ஒரு கிராமத்து வாத்தியார் வந்தார். பகலில் வயல்வேலை செய்பவர்.

வரிசையாக நின்று, கைக்குட்டையை வீசி, சலங்கை ஒலிக்க ஆடுவது ஒயிலாட்டம். மெதுவாகத் தொடங்கும், போகப்போக வேகம் கூடும். எபிரெய இலக்கணத்தில் முதல் மதிப்பெண் பெற்ற நான், கேளாமலே முன்வரிசையில் நின்றேன். அடவுகளை எண் போட்டு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். மூன்றாம் நாள் வேகம் கூடியதும், என் கால் பக்கத்திலிருந்தவர் காலை மிதித்தது, வரிசை கலைந்தது.

வாத்தியார் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க எண்ணுறீங்க, கேக்க மாட்டேங்கிறீங்க. பின்னாடி போய் நின்னு, பக்கத்துல உள்ளவர் சலங்கையக் கேளுங்க" என்றார்.

பின்வரிசைக்குப் போனேன். 'இவருக்கு என்ன தெரியும்?' என்று உள்ளுக்குள் முறுமுறுத்தேன். ஆனால் நோட்டு இல்லாமல் காதைத் திறந்தபோது, ஒரு மாலையில் என்னையறியாமலே கால் சரியான இடத்தில் இறங்கியது. முழு வரிசையும் ஒன்றாய்த் திரும்பியது. அன்றிரவு நன்றி சொல்லச் சென்றேன். அவர் சொன்னார்: "நானும் ஞானஸ்நானம் எடுத்தவந்தான் தம்பி. எங்க ஊர்க் கோயிலுக்குள்ள சலங்கையோட போனதில்ல. இங்கதான் முதல் தடவ."

பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

பிரியமானவர்களே, இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி என்னும் ஆடற்பாட்டு நாடக வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். மக்களின் கலையைக் கிறிஸ்துவின் பாதத்தில் வைக்க அவர் வெட்கப்படவில்லை.

நான் வெட்கப்பட்டேன். அதை இன்று உங்கள்முன் அறிக்கையிடுகிறேன். போன மாதச் சபைக் கூட்டத்தில், உப்பளத்தில் வேலை செய்யும் நம் சகோதரிகள் சிலர் அறுப்பின் பண்டிகையில் கும்மியடிக்க அனுமதி கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். நானோ ஒன்றும் பேசாமல் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டேன். பலகணியருகே நின்ற மீகாள் அன்று நானே.

அகஸ்தியம்பள்ளிப் பக்கம் பாத்திகளை மிதித்து இறுக்கும்போது அவர்கள் கால்கள் ஒன்றாய் இறங்குவதைக் கண்டிருக்கிறீர்களா? ஒருவர் காலடியை ஒருவர் கேட்டு நடக்கிறார்கள். சபை என்பதும் அதுவே அல்லவா? வசனத்தை எண்ணி மனப்பாடம் செய்துவிட்டு, அருகிலிருப்பவர் காலை மிதிப்போமானால் நம் பக்தியால் பயன் என்ன?

அந்தச் சகோதரிகளின் வீடுகளுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். வரும் சனிக்கிழமை மாலை ஆலய வளாகத்தில் அவர்கள் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். ஒரு மூத்த சகோதரி சிரித்துக்கொண்டே, "ஐயரும் வந்து தாளம் போடுங்க" என்றார்கள். போகிறேன், பின்வரிசையில் நிற்பேன். நீங்களும் வாருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் அருகில் ஒலிக்கும் காலடியைக் கேட்கும் செவியைத் தாரும். பிறரை இகழ்ந்து நிற்கும் பலகணியிலிருந்து எங்களை இறங்கிவரச் செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.