தாகம் தீர்த்தால் போதுமா?

தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. வயது ஏற ஏற எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. லண்டனில் நடந்ததைப் படித்த பிறகு இன்னும் அதிகமாக.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. அங்கே பிராட் தெருவில் ஒரு கைப்பம்பு. காசில்லாத தண்ணீர், ருசியான தண்ணீர் என்று பெயரும் எடுத்தது. அந்தத் தெருவை விட்டு ஹாம்ப்ஸ்டெட் பக்கம் குடிபோய்விட்ட ஒரு விதவை அம்மாளுக்கு அந்தப் பம்புத் தண்ணீர் குடித்தால்தான் திருப்தி. தினமும் அங்கிருந்து கிளம்பும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் நிறைய அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் இருந்த இடத்தில் காலராவே இல்லை. ஆனாலும் காலராவில்தான் போனார். அன்போடு அனுப்பிய தண்ணீர் அது. நினைத்தாலே மனசு கனக்கிறது.

டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, சாவுகள் அந்தப் பம்பைச் சுற்றியே விழுந்திருப்பதைக் காட்டினார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். மொத்தம் 616 உயிர்கள் போயின. கிணற்றை ஒட்டிய வீட்டின் கழிவுக்குழி கசிந்து தண்ணீரில் கலந்திருந்தது பின்னால் தெரியவந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1859-இல், சாமுவேல் கர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் வேக்ஃபீல்ட் என்ற வழக்கறிஞரும் சேர்ந்து, ஏழைகளுக்கு இலவசக் குடிநீர் தர ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏப்ரல் 21 அன்று செயின்ட் செபல்கர் தேவாலயத்தின் மதிலோரம் முதல் குழாய் திறந்தது. கல் தொட்டி, சங்கிலியில் தொங்கும் குவளைகள், குடித்ததும் குவளையைத் திரும்ப வைக்கச் சொல்லும் எழுத்து. நாளைக்கு ஏழாயிரம் பேர் வரை வந்து குடித்தார்கள். வழியில் தாகம் எடுத்தால் மதுக்கடையில் நுழைவதே வழக்கமாயிருந்த உழைப்பாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

நான் கையெடுத்துக் கும்பிடுவது அந்தச் சங்கம் போட்டுக்கொண்ட விதியைத்தான். வடிகட்டியோ வேறு தக்க ஏற்பாடோ செய்து, சுத்தமும் குளிர்ச்சியும் உறுதியான பிறகே எந்தக் குழாயையும் திறப்பது என்று தீர்மானித்தார்கள். தானம்தானே, இது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பலர் வாய் வைக்கும் குவளையே நோயைப் பரப்பும் என்ற அறிவு பிற்பாடு வந்தது. அந்தக் காலத்துக்குத் தெரிந்த அளவில் ஒழுங்காகச் செய்தார்கள்.

நம் ஊரில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறோம். முதல் நாள் தர்பூசணி, மோர், போட்டோ எல்லாம் உண்டு. பத்தாம் நாள் பானைக்குள் எட்டிப் பாருங்கள்: அடியில் பாசி, மேலே தூசி, டம்ளரில் ஈ. பந்தல் போடும் தம்பிகளே, திறப்பு விழாச் செலவில் பாதியைக் குறைத்து, தினமும் பானை கழுவி நல்ல தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். அது முடியாத வருஷம் பந்தலே போட வேண்டாம்.