பல்லாவரம் சந்தையில் ஒரு 1818 காசு

குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். வெள்ளிக்கிழமை காலையில் காலிப் பையோடு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குவார்கள். பழைய டிரங்க் ரோடு முழுக்க அன்றைக்குச் சந்தை. செடி, புறா, ஓடாத மிக்ஸி, ஓடும் மின்விசிறி, யாரோ கழற்றிப்போட்ட தேக்குக் கதவு என்று எல்லாம் தரையில் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இப்போது மாடு தவிர மற்றதெல்லாம் கிடைக்கிறது.

நடுவில் எங்காவது ஒரு தார்ப்பாயில் காசுகள் குவிந்திருக்கும். தாமரை போட்ட இருபது பைசா, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னரின் தலை. அந்தக் குவியலில் கறுத்துப்போன ஒரு செப்புக் காசு கண்ணில் படாமல் போகாது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், அல்லது சஞ்சீவி மலையைத் தூக்கும் அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’.

அதே மாதிரி ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார் குரோம்பேட்டை ராதா நகர் இளைஞர் ஒருவர். பாட்டியின் பூஜைப் பெட்டியில் இருந்ததாம்.

“அண்ணே, இது பத்து லட்சம் போகும்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு. போன் பண்ணினா, முதல்ல ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அஞ்சாயிரம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?”

கடைக்காரர் காசை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “தம்பி, இது சாமிக்காசு. கும்பிடலாம். விக்க முடியாது. அஞ்சாயிரத்தைப் பத்திரமா வெச்சுக்கோ” என்றார். தன் குவியலில் இருந்தே இன்னும் மூன்றை எடுத்துக் காட்டினார். விலை ஆளைப் பார்த்து நூறு, நூற்றைம்பது.

பார்க்காமலே எப்படிச் சொன்னார்? அந்தக் காசில் எழுதியிருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கிறது. கம்பெனி ஆட்சியில் ‘ஒன் அணா’ என்று ஒரு நாணயம் புழக்கத்துக்கு வரவில்லை. ஓரணா நாணயம் 1907-ல்தான் வந்தது. அதில் ஏழாம் எட்வர்டின் தலை இருக்கும், ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து போகும். அதற்குள் கம்பெனி ஆட்சி முடிந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சில காசுகளில் ‘யு.கே.’ என்றுகூட இருக்கும். கம்பெனி தன் காசில் அப்படிப் போட்டதே இல்லை. ‘அரையணா 1818’ என்றும் வரும். கம்பெனி அரையணா நிஜமாகவே உண்டு. ஆனால் இந்தியா முழுக்க ஒரே நாணயம் என்று சட்டம் வந்த 1835-ஐ ஆண்டாகப் போட்டு, இரண்டு சிங்கங்கள் தாங்கும் கேடயச் சின்னத்தோடு அது வந்தது. ராமரும் அனுமனும் அதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1818 சென்னைக்கு முக்கியமான ஆண்டுதான். அதுவரை இங்கே கணக்கு வராகன், பணம், காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 ஜனவரியில்தான் வராகனை இறக்கிவிட்டு ரூபாயைச் சென்னை மாகாணத்தின் நாணயமாக்கினார்கள். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்று.

இன்னொரு வேடிக்கை, கம்பெனி நம் சாமியைக் காசில் போட்டதும் உண்மை. சென்னையில் அடித்த தங்க வராகன்களில் பெருமாள் இருக்கிறார். ஒரு வகையில் இரு தேவியரோடு நிற்பதால் அதற்கு ‘மூன்று சுவாமி வராகன்’ என்றே பெயர். கோபுரம் போட்ட வராகனும் உண்டு. உள்ளூர்க்காரன் நம்பி வாங்க வேண்டுமே என்ற வியாபாரக் கணக்குதான். அதனால் ‘வெள்ளைக்காரன் சாமி படம் போட்டான்’ என்று யாராவது சொன்னால் முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. பாதி உண்மை இருப்பதால்தான் மீதிப் பொய் இத்தனை காலமாக விலை போகிறது.

அந்தக் காலத்து நிஜச் செப்புக்காசைப் பார்க்க வேண்டுமென்றால் 1808-ஆம் ஆண்டின் பத்துக் காசு, இருபது காசு. பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தும் ஆங்கிலமும். சென்னைக்கு அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் மூழ்காளர்கள் அள்ளி வந்தார்கள். நம்மூர்ச் சந்தைக்கு வரவேண்டிய காசு 170 வருடத்துக்கு மேல் கடலில் கிடந்தது! இருபது காசின் எடை 9 கிராமுக்குச் சற்று மேல்.

எடை நல்ல சாட்சி. 1835 முதல் வந்த கம்பெனி வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. வார்ப்பில் ஊற்றிய போலியின் விளிம்பில் மெல்லிய கோடு ஓடும், எழுத்து சோப்பில் செதுக்கியது போல் மழுங்கியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒருநாள் போய்வரலாம்.

சாமிக்காசை மட்டும் குறைசொல்ல முடியாது. ராமடங்கா என்று பூஜைக்கென்றே அடித்த பட்டாபிஷேகக் காசுகள் பழைய வழக்கம். பாட்டிமார்கள் அதைப் பணம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதன்மேல் கம்பெனி பெயரை ஏற்றிய பிறகுதான் வம்பு வந்தது. ‘ரைஸ் புல்லிங்’ என்று, அரிசியை இழுக்கும் காசுக்குக் கோடிகள் கிடைக்கும் எனச் சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனையோ பேரின் வீட்டுப் பத்திரம்வரை வாங்கிவிட்டார்கள். அரிசியில் இரும்புத்தூள் ஏற்றிக் காட்டும் வித்தை அது. பழைய நாணயம் வாங்க விற்க ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, யாருக்கும் அந்த உரிமையைக் கொடுக்கவும் இல்லை. 2021 ஆகஸ்டில் வங்கியே இதை அறிவித்தது.

பல்லாவரத்தில் நிஜமான பழம்பொருள் கிடைத்ததும் உண்டு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் இங்கே கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் கற்கால வரலாற்றுக்கே தொடக்கம். அதற்கு யாரும் ரிஜிஸ்ட்ரேஷன் கேட்கவில்லை.

இளைஞர் காசை மறுபடி முடிந்துகொண்டார். சுண்டல் வாங்கிப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினார்.

“இது செல்லாதுப்பா, வேற குடு.”

“ஏன்க்கா?”

“கோடு பதினைஞ்சு இருக்கு. பத்துக் கோடு இருந்தாதான் நல்லது.”

பத்து ரூபாயில் 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அக்கா ரிசர்வ் வங்கியை நம்புவதாக இல்லை. அவர் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் மஞ்சள் குங்குமத்தோடு ஒட்டியிருந்தது ஒரு செப்புக் காசு. ராமர் பட்டாபிஷேகம், 1818.

இளைஞர் சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார்.