சாட்சி மெத்தைத் தையலில்

பழவங்காடி, ஜூலை 9

தோலில் தடிப்பைக் கண்டதும் மூட்டைப்பூச்சி என்று முடிவுகட்டுவதும் தவறு, தடிப்பு இல்லையென்று நிம்மதியாகப் படுப்பதும் தவறு. மூட்டை கடித்தால் ஒருவருக்குச் சிவந்து வீங்கும். அதே கட்டிலில் படுத்தவருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குச் சில நாள் கழித்தே அரிப்பெடுக்கும். வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைதான் என்பார்கள். அப்படிக் கடிப்பது உண்டுதான். ஆனால் கொசுவுக்குக் குறைவில்லாத திருவனந்தபுரத்தில் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது படுக்கையை. மெத்தையின் தையல் ஓரத்தை நகத்தால் விலக்கி டார்ச் அடித்தால், பேனா மை கசிந்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும். செரித்த ரத்தத்தின் கழிவு அது. பக்கத்திலேயே, பூச்சியின் உருவம் மாறாத வெளிறிய மெல்லிய தோல்கள். குஞ்சு ஐந்து முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் வயிறார ரத்தம் குடித்தாக வேண்டும். ஆகவே சிறிதும் பெரிதுமாகத் தோல்கள் கிடந்தால், நேற்றுப் பையில் வந்து இறங்கிய ஒற்றைப் பூச்சியல்ல, அங்கே குடித்தனமே நடக்கிறது.

ஜூலை 10

சுத்தமான வீட்டில் மூட்டை வராது என்பார்கள். அதற்கு வேண்டியது ரத்தம், குப்பையல்ல. அடைசல் மிகுந்த அறையில் ஒளிய இடம் அதிகம், அவ்வளவே. தம்பானூரில் ரயிலை விட்டிறங்கி லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கிப் போகிறவரின் பையில் ஏறி எந்த வீட்டுக்கும் அது போகும். 2023 இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிக்குக் கலங்கியது. வெட்கப்பட்டு மறைப்பதால் அடுத்த அறைக்கும் பரவுகிறது. எனக்கு ஆற்றாமை அதுதான். மருந்தடித்தால் தீராதா? கடையில் கிடைக்கும் பைரித்ராய்டு ஸ்பிரேக்கள் பலவற்றுக்கு மூட்டைகள் பழகிவிட்டன. சாகாதவை சிதறிச் சுவர் வெடிப்புக்குள் போகும். மூட்டை விழுந்து சிக்கிக்கொள்ளக் கட்டில் கால்களுக்கு அடியில் வழவழப்பான கிண்ணம் வைக்கும் யோசனை குளிர்நாட்டு மூட்டைக்குச் சரி. நம் ஊரில் காணும் வெப்பநாட்டு இனத்துக்குக் காலில் ஒட்டும் மயிர்கள் அதிகம். கிண்ணத்தின் வழுக்குச் சுவரிலும் அது ஏறிவிடும். கிண்ணம் காலியாக இருப்பதை நம்பித் தூங்கக் கூடாது. விரிப்பையும் உறையையும் கொதிநீரில் முக்கலாம். கட்டில் இணைப்புகளைக் கழற்றித் தேய்க்கலாம். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் இரண்டு வாரம் கழித்து அதே தையலை மறுபடியும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.