காதல் தளபதிக்கு

புனேயின் ஏரவாடாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆஜிக்கு (மராத்தியில் பாட்டி) 'ராவூ' என்ற மராத்தி நாவல் என்றால் உயிர். நா. ச. இனாம்தார் 1972இல் எழுதியது. பாஜிராவ், மஸ்தானி கதை. ஆற்றைத் தாண்டிப் போனால் பாஜிராவின் அரண்மனையான சனிவார்வாடா. அதன் வடபக்கத்தில் மஸ்தானி பெயரில் இன்றும் ஒரு வாயில் இருக்கிறது. "ஊரெல்லாம் வென்றவன் இப்படிக் காதலித்த கதை உங்கள் தமிழில் உண்டா?" என்று ஆஜி கேட்டார்.

எனக்கு உடனே சாண்டில்யன்தான் நினைவுக்கு வந்தார். அம்மா 'குமுத'த்திலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த அவருடைய தொடர்கதைகளில், வர்ணனை வரும் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு அதிகமாகப் பழுத்திருக்கும். 'யவன ராணி' கரிகாலன் காலத்துக் கதை. ஆனால் புகார்க் கடற்கரையில் கரை ஒதுங்கிக் கிடக்கும் யவனப் பெண்ணைக் கண்டெடுப்பவன் கரிகாலன் இல்லை, படைத்தலைவன் இளஞ்செழியன். 'கடல் புறா'வும் அப்படித்தான். பின்னாளில் முதற்குலோத்துங்கனாகப் போகிற அநபாயன் கதைக்குள்ளேயே இருக்கிறான். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் மனத்தைக் கொடுப்பதோ படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானுக்கு.

பேரரசனை விட்டுவிட்டுத் தளபதிக்கு ஏன் காதலைக் கொடுத்தார்? இதைத் துருவிக்கொண்டு போனால் நேராகக் கலிங்கத்துப்பரணிக்கே வந்து சேருகிறோம்.

ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி என்பார்கள். அப்படிப்பட்ட நூலைச் செயங்கொண்டார் களத்திலிருந்து தொடங்கவில்லை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் கடைதிறப்பு. சொன்ன நாளில் வராத கணவன்மேல் ஊடி, பெண்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். கலிங்கத்து வெற்றியைப் பாடப் போகிறோம், கதவைத் திறவுங்கள் என்று ஒவ்வொருத்தியாக அழைக்கிறார் புலவர். கூடிய இரவின் மயக்கம், நகக்குறி, நழுவிய ஆடை என்று எதையும் அவர் மறைப்பதில்லை. வாய்விட்டுப் படித்தால் சந்தம் உடம்பிலேயே ஏறும். அந்தப் பெண்களுக்கு நடுவே கருநாட்டுப் பெண்களும் நிற்கிறார்கள். வடுகு பாதி தமிழ் பாதியாக மழலை பேசுகிறார்கள். வேற்று நாட்டின் மொழி சோழநாட்டுத் தெருவில், ஒரு பெண்ணின் வாயில், இப்படிக் கலந்து கிடக்கிறது. எங்கள் ஏரவாடாத் தமிழ்ப் பிள்ளைகள் மராத்தியும் தமிழுமாகப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

குலோத்துங்கன் காஞ்சியிலேயே இருந்துவிட்டான். கலிங்கத்துக்குப் போனவன் கருணாகரன். தாமதமாகத் திரும்பக்கூடியவனும், கதவடைப்புக்கு ஆளாகக்கூடியவனும் போருக்குப் போனவன்தானே! அரசனுக்கு உலா இருக்கிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் வீதியில் நின்று ஏங்குகிறார்கள். அவன் யானைமேல் கடந்து போய்விடுகிறான். ஏக்கம் முழுவதும் அவர்களுடையது. அவனிடம் ஒரு சலனமும் இல்லை.

ஆஜியிடம் இதைச் சொன்னபோது, "பாஜிராவும் ராஜா இல்லையே" என்றார். உண்மைதான். ராஜா சத்ரபதி சாகு. அவருக்காகப் படை நடத்திய பேஷ்வாதான் பாஜிராவ். 1729இல் புந்தேல்கண்டு மன்னர் சத்ரசாலுக்கு உதவப் போனதால்தான் அவர் மகள் மஸ்தானி அவன் வாழ்க்கைக்குள் வந்தாள். 1740இல் அவன் இறந்ததுகூடப் புனேயில் இல்லை, நர்மதைக் கரையில், படையோடு இருந்தபோது.

சாண்டில்யனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மா தலைமுறைப் பெண்கள் பலருக்குச் சோழர் கடற்படை இருந்ததென்று சொன்னதே அவர்தான். ஆனால் செயங்கொண்டாரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாதிதான். பரணியில் கடைதிறப்பை அடுத்து வெந்து கிடக்கும் பாலைக்காடு வருகிறது, காளி கோயில் வருகிறது. கடைசியில் களத்துப் பிணங்களின் ரத்தத்தையும் நிணத்தையும் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றன. வெற்றியின் விலை என்ன என்று அந்தப் பானை காட்டிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு, கதவுக்குப் பின்னால் நின்றவளின் கோபம் வெறும் ஊடலாகத் தெரியவில்லை. வராமலே போயிருக்கக்கூடிய ஒருவனை எண்ணிய பயமும் அதில் இருந்திருக்கிறது. 'கடல் புறா'வில் அந்தப் பானை இல்லை.

சரித்திரக் காதல் எழுத வரும் இளைஞர்கள் கடைதிறப்போடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கூழ் காய்ச்சும் இடம் வரை படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.