தம்பியின் காரும் தாழ்ந்த ஒலியும்

என் தம்பி வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் 26 ஆண்டுகள் பணியாற்றியவன். ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பியதும், ஒருவர் ஓட்டி விற்ற சிறிய காரொன்றை வாங்கினான். பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காருக்குள் பேஸ் கிட்டாரின் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். கப்பலேறுவதற்கு முன், இளமையில், அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். பாடகருக்குக் கைதட்டல் கிடைக்கும், வயலினுக்குப் பாராட்டுக் கிடைக்கும். பின்வரிசையில் நிற்கும் பேஸ் கிட்டார்க்காரரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் இளையராஜாவின் பாடல்களில் அந்தக் கருவி மற்றொரு பாடகரைப் போலவே நடமாடும் என்பதை இசையறிந்தோர் அறிவர்.

நான் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றில் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே குடும்பத்தில் மிக்சி பழுதானாலும் மோட்டார் புகைந்தாலும் அழைப்பு எனக்கே வரும். இம்முறை வந்த அழைப்பில் எனக்கும் ஆர்வம் இருந்தது.

நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். கார்க் கதவில் பொருத்திய உள்ளங்கையளவு ஸ்பீக்கர் அவ்வளவு காற்றை அசைப்பது அரிது. அதற்கென்றே சப்வூஃபர் என்னும் பெரிய ஸ்பீக்கர் உள்ளது. ஆனால் அதை வாங்கி டிக்கியில் வெறுமனே வைத்தால் பயனில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருக்குண்கிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியில் இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றி ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே பின்பக்க ஒலியை அடைத்து வைக்க ஒரு பெட்டி வேண்டும். சப்வூஃபரின் பாதிக் குணம் அதன் பெட்டியில்தான் இருக்கிறது எனலாம்.

பெட்டிகளில் பெருவழக்கானவை இரண்டு. முற்றிலும் மூடிய பெட்டி ஒன்று. உள்ளே அடைபட்ட காற்றே ஒரு வில்லைப் போல் கூம்பைப் பிடித்து நிறுத்தும். இந்தக் கருத்தை வீட்டு ஸ்பீக்கராக வடித்து, 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மற்றொன்று, குழாய் பதித்த துளையுள்ள பெட்டி. வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒலிக்கிறதல்லவா? அதே தத்துவம்தான். குழாயிலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானும் சேர்ந்து ஆடி, பின்பக்க ஒலியை வீணாக்காமல் முன்பக்க ஒலியோடு கூட்டித் தருகிறது. இதைக் கணக்கில் அடக்க ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வழிகாட்டினார். எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கூடவே வரும் தாளில் உள்ள எண்கள் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன.

கடைக்காரர் துளைப்பெட்டியையே வற்புறுத்தினார். அதே மின்சாரத்துக்கு அதிக ஒலி என்பது அவர் வாதம்; அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே இறங்கினால் துளைப்பெட்டியில் கூம்பைப் பிடிக்க ஆளில்லை. கட்டவிழ்ந்து அலைபாயும், ஒலியும் மிக விரைவாகத் தேய்ந்துவிடும். மூடிய பெட்டியில் தேய்வு மெதுவானது. இங்கேதான் காருக்கே உரிய ஒரு சலுகை உண்டு. காரின் உள்நீளத்தை விட அலையின் பாதி பெரிதாகிவிடும்போது, அதாவது சிறிய காரில் ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி அலையாக ஓடுவதில்லை. மூடிய கூண்டுக்குள் காற்றழுத்தமே ஏறி இறங்குகிறது. அதனால் தாழத் தாழ ஒலி வலுக்கிறது. மூடிய பெட்டி எந்த அளவில் குறைத்துக்கொண்டு போகிறதோ, ஏறக்குறைய அதே அளவில் காரின் கூடு ஏற்றித் தருகிறது. கண்ணாடி, கதவு இடுக்குகளின் கசிவால் கணக்கு முழுமையாக நிறைவேறாது. நிறைவேறுகிற அளவே போதும்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமாகப் பட்டது. பேஸ் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தொடங்குமிடமும் முடியுமிடமும் தெரிய வேண்டும். மூடிய பெட்டி சொன்னவுடன் தொடங்கி, சொன்னவுடன் நிற்கும். துளைப்பெட்டி சற்றே இழுத்து முழங்கும். தெருவில் போவோர் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் அது சிறந்தது. என் தம்பிக்குத் தெருவைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஸ்பீக்கருடன் வந்த தாளும் மூடிய பெட்டிக்கு 20 லிட்டர் போதுமென்றது. துளைப்பெட்டிக்கு 45 லிட்டர் கேட்டது. டிக்கியில் பெட்டி படுக்கைக்கும் இடம் வேண்டுமே!

தச்சர் ஒருவரைக் கொண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி செய்தோம். கடைகளில் எம்.டி.எஃப். பலகையே வழக்கம், ஆனால் ஈரம் பட்டால் அது ஊதிவிடும். எங்களூர்க் கடற்காற்றுக்கு நீர் தாங்கும் பிளைவுட்டே ஏற்றது. மூட்டுகளில் பசையும் திருகும் இட்டு, உட்புறம் சிலிக்கானால் அடைத்து, தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினோம். பஞ்சு இருந்தால் பெட்டி உள்ளதைவிடச் சற்றுப் பெரியதுபோல் நடந்துகொள்ளும். ஸ்பீக்கரை இறுக்கியபின் கூம்பை விரலால் மெல்ல அழுத்திவிட்டேன். அது சட்டென்று துள்ளாமல் மெதுவாக மேலெழுந்தது. காற்றுக் கசிவில்லை என்பதற்கு அதைவிட எளிய சோதனை இல்லை.

ஆம்ப்ளிஃபயரையும் கம்பிகளையும் கடையிலேயே பொருத்தித் தந்தார்கள். நான்கு வழிகள் கொண்ட ஆம்ப்ளிஃபயர். இரு வழிகள் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு, மற்ற இரண்டும் இணைந்து சப்வூஃபருக்கு. மறுவாரமே தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, வண்டி நின்னா மட்டும் ஒரு சன்னமான சத்தம் வருது. ஓட ஆரம்பிச்சா நின்னுருது” என்றான். அவன் பேசி முடிக்கும்முன் அவன் மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். “பெரியப்பா, அப்பா சொல்றது தப்பு. ஓட ஓடத்தான் கீச்சுன்னு கூடுது. எனக்குத் தலையே வலிக்குது.”

ஒரே காரில், ஒரே வேளையில் இருந்த இருவர் நேரெதிராகச் சாட்சி சொன்னார்கள். கடைக்காரர் மகளைச் சற்றும் பொருட்படுத்தவில்லை. வண்டிக்காரர் சொன்னதை வைத்து ஏதேதோ மாற்றிப் பார்த்துவிட்டு, முடிவில் ஒரு சிறு பெட்டியை நடுவே செருகினால் இரைச்சல் அடங்கும் என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். சப்வூஃபரில் ஓசை இல்லை. 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை அதற்குள் விடாத வடிகட்டி இருப்பதால் இருக்கவும் முடியாது. கதவு ஸ்பீக்கர்களில்தான் கீச்சொலி. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறியது. ஆகவே பிறப்பிடம் ஆல்டர்னேட்டர் என்பதில் ஐயமில்லை. அது தரும் மின்சாரம் நேராக்கப்பட்டாலும் அதில் சிற்றலைகள் எஞ்சியிருக்கும். அவை பாட்டுக்குள் எப்படி நுழைகின்றன என்பதே கேள்வி.

ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. கேபிளை ஆம்ப்ளிஃபயரில் கழற்றி, அந்த வாய்களைக் குறுக்கிணைப்பு முளைகளால் அடைத்தேன். முழு அமைதி. ஆகவே ஆம்ப்ளிஃபயர் தன்னளவில் குற்றமற்றது. பிறகு, சார்ஜரில் செருகாத கைப்பேசியை அதே வாயில் இணைத்துப் பாட விட்டேன். பாட்டு வந்தது, கீச்சொலி வரவில்லை. கைப்பேசி தன் சொந்த பேட்டரியில் ஓடுகிறது. காரின் உடலோடு அதற்கு ஒட்டுறவில்லை. ஸ்டீரியோவோ டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் எர்த் எடுக்கிறது. ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் வேறோரிடத்தில் எடுக்கிறது. இவ்விரண்டு இடங்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் வேறுபாட்டைச் சரிக்கட்டும் மின்னோட்டம் ஆர்.சி.ஏ. கேபிளின் மேலுறை வழியே பாயும். ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்றே எண்ணிப் பெருக்கிவிடும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் வைத்து, ஒலியைக் கூட்டச் சொன்னேன். முள் 0.6 வோல்ட் காட்டியது. இது சிறு தொகையன்று; ஸ்டீரியோ அனுப்பும் பாட்டின் அளவே ஒன்றிரண்டு வோல்ட்தான். தரைவிரிப்பைத் தூக்கினால் உண்மை வெளிப்பட்டது. பெயின்ட் அடித்த தகட்டின்மேலேயே ஒரு சிறு திருகால் எர்த் கம்பியை முடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் அதற்குள் துரு. பற்றாக்குறைக்கு, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன.

கடைக்காரர் சொன்ன சிறு பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அது இரைச்சலைத் தடுக்கும் என்பது மெய். ஆனால் மலிவானவை தாழ்ந்த ஒலியையும் சேர்த்து விழுங்கிவிடும். எதற்காகப் பெட்டி செய்தோமோ அதையே இழந்து அமைதி வாங்குவதா?

அரைமுழத்துக்கும் குறைவான தடித்த செம்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டேன். உப்புத்தாளால் தகட்டைப் பளபளக்கும்வரை தேய்த்து, பல்வாஷரும் போல்ட்டும் நட்டும் இட்டு இறுக்கினேன். ஸ்டீரியோவின் எர்த்தையும் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கனத்த இரும்புச் சட்டத்துக்கு மாற்றினேன். ஆர்.சி.ஏ. கேபிளைக் காரின் மறுபக்கமாக விட்டேன். பேட்டரிக்கு அருகே ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் கம்பி எங்காவது உராய்ந்தால் கார் எரியாமல் காப்பது அதுவே. இப்போது மீட்டர் காட்டியது 0.05 வோல்ட்.

மூவரும் திருச்செந்தூர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். “போயிருச்சு பெரியப்பா” என்றாள் மகள். தம்பி மட்டும், “ஓடும்போது முன்னாடியும் இல்லையே, இப்பவும் இல்ல” என்றான்.

அந்த இரு சாட்சியங்களும் எனக்கு அன்று விளங்கின. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு தாளில் கணக்கிட்டேன். பரவலாகப் புழங்கும் ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் 36 சிற்றலைகள். நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று. கப்பியின் அளவால் ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 2000 சுற்று. அதாவது 1200 ஹெர்ட்ஸ். சாலையில் எஞ்சின் 2400 சுற்றானால் 3600 ஹெர்ட்ஸ். தாளை அவனிடம் நீட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை. இயந்திரங்களோடு வாழ்ந்தவனுக்குக் கணக்கு புரிய நேரமாகவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப மூவாயிரத்துக்கு மேல எனக்கு இல்லையா?” என்று கேட்டான்.

பேரிரைச்சல் பறிக்கும் செவித்திறன் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகேதான் முதலில் பள்ளம் விழுகிறது. 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அதில் பாதி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனமொன்றின் பரிந்துரை. அக்கணக்கில், 100 டெசிபெல் முழங்கும் இயந்திர அறையில் காப்பின்றி நிற்கத் தகுந்த நேரம் 15 நிமிடங்கள். இவன் நின்றது 26 ஆண்டுகள். சகர, தகரம் போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அவை போனால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. இரண்டாண்டுகளாகத் திருமண வீடுகளில் அவன் ஒரு மூலையில் அமர்ந்துவிடுவதும், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்வதும், கப்பல்காரனின் இறுமாப்பென்று உறவினர் சிலர் பேசியதும் என் நினைவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாழ்ந்த ஒலிக்காக அவன் ஏங்கியதும் இளமை நினைவால் மட்டும் அன்று. அவனிடம் குறையாமல் மிஞ்சியிருந்தது அதுதான்.

அவன் மனைவியும் மகளும் வற்புறுத்தத் தேவையிருக்கவில்லை. மறுவாரம் தானாகவே போய்ச் செவிச் சோதனை செய்துகொண்டான். வரைபடத்தில் கோடு 1000 வரை ஓரளவு நேராக வந்து, 3000இல் சரிந்து, 4000இல் பாதாளத்தில் கிடந்தது. இரு காதுகளுக்கும் கருவி பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பாத்திரம் மோதுவதெல்லாம் இடிபோலிருக்கும், பழகச் சில வாரங்களாகும் என்றும் சொன்னார்களாம்.

ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை, மிஞ்சியதும் போய்விடாத அளவில் நிறுத்தி, நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் திருகுவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிக்கியின் விரிப்பைத் தூக்கி, அந்த போல்ட்டை இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். உப்பளக் காற்று விடாது. அந்த வேலையை அவனே ஏற்றுக்கொண்டான்.