வரும் ஆண்டில் எம் சபை

ஆண்டு முடியுந் தறுவாயில் கணக்குப் பார்ப்பது வணிகர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. எம்மூர்ச் சபையார் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறந்த பண்டிகைக்கு முந்திய ஞாயிறன்று, மாலை ஆராதனை முடிந்தபின் ஆலயத்தின் வடபுறத்து வேப்பமரத்தடியிற் கூடி, வரும் ஆண்டில் சபையின் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு யாது செய்யலாமென்று ஆராய்வர். இது நெடுநாளைய பழக்கம். கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் சென்றபின் மலருக்கு ஏதேனும் எழுதுக என்று எமக்கு அழைப்பு வந்தபொழுது, மாணவப் பருவத்து நினைவுகளை எழுதுவதினும், சென்ற டிசம்பரில் அக்கூட்டத்தில் யாம் கண்டதையும் நாணியதையும் எழுதுதலே தகுமென்று தோன்றிற்று. கல்லூரிச் சிற்றாலயத்திற் கேட்டவற்றுள் எத்துணை மறந்திருந்தோம் என்பதும் இதனால் விளங்கும்.

கூட்டம் வழக்கம்போலவே தொடங்கிற்று. குருவானவர் ஜெபித்தபின், ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்தை அஞ்சாமல் உரைக்கலாம் என்றார். எம் சபையில் அஞ்சுவோர் எவருமிலர். பேச்சை முடிக்க அறிந்தோரே அரியர். பொருளாளர், ஆலய முகப்பிற் கோபுரம் எழுப்பவேண்டும் என்றார். வாலிபர் சங்கத்தார் மூன்று நாள் நற்செய்திக் கூட்டமும் அதற்குத் தக்க ஒலிபெருக்கியும் வேண்டினர். உலையிலிடும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிக்கலத்தில் இட்டுவைக்கும் பழைய வழக்கம் வீடுகளில் அருகிவிட்டதென்றும், அதனை மீட்கவேண்டுமென்றும் மாதர் சங்கத்தார் கேட்டனர். ஓய்வுநாட் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்களே உடையதாகையால், வாரம் ஒன்றாக வாசித்தால் நான்கு மாதத்திற்குள் சபை முழுவதும் ஒரு சுவிசேஷத்தையாவது முற்றும் வாசித்ததாகும் என்றார். யாமும் வாளா இருக்கவில்லை. ‘ஆவிக்குரிய வளர்ச்சியின் ஐந்து படிகள்’ என்று தலைப்பிட்டு ஒரு தாள் எழுதிக்கொண்டுபோய் வாசித்தோம். அதில் ஐக்கியம் என்பது நான்காம் படி.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து மூதாட்டியார் ஒருவர் எழுந்தார். எம் பாட்டனார் காலத்து உபதேசியாரின் மகளார். எண்பது வயதைக் கடந்தவர். “ஐயா, கோபுரம் கட்டுதது கெடக்கட்டும். சமாதானம் குடுக்குத நேரத்துல கையை மடக்கிக்கிட்டு நிக்காவளே, அதுக்கு என்ன செய்யப் போறிய?” என்றார். அவ்வளவே சொல்லி அமர்ந்துவிட்டார். சிறிதுநேரம் வேப்பிலை உதிரும் ஓசையன்றி வேறோசையில்லை.

பிற சபையைச் சார்ந்த வாசகர்க்கு இதனைச் சற்றே விளக்குதல் வேண்டும். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை வெளியிட்டது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சமாதானத்தை அளிக்கும் வழக்கம், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரின் தொன்மையான வழிபாட்டிலிருந்து அம்முறையிற் சேர்க்கப்பட்டது. வலக்கையோடு வலக்கை சேர்த்து, இடக்கையால் மூடி, பீடத்தினின்று புறப்படும் சமாதானம் பெஞ்சுதோறும் கைமாறிக் கடைசி வரிசைமட்டும் செல்லும். அது காணிக்கைக்கு முன்னே வருவதும் காரணமின்றியன்று. காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவைத்து, முதலிற் சென்று சகோதரனோடு ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கற்பித்திருக்கிறாரன்றோ?

அச்சமாதானம் எம் சபையிற் சில பெஞ்சுகளில் வந்தவுடன் நின்றுவிடும். வரப்புத் தகராறு, பெண் கொடுத்த இடத்து மனத்தாங்கல், சபைத் தேர்தலில் விளைந்த பகை எனக் காரணங்கள் பல. பிறரைச் சொல்வானேன்? எம் பெரிய தகப்பனாரின் மகனார், எமக்கு அண்ணன் முறையினர், சபைத் தேர்தலொன்றில் நின்றபொழுது யாம் எதிர்த்தரப்பாருக்காக வீடுவீடாய்ச் சென்றோம். அவர் தோற்றார். அன்றுமுதற் பேச்சில்லை. நான்காம் பெஞ்சில் அவர் பக்கத்தில் அமர்ந்து வந்த யாம், அவர் கையிலிருந்து சமாதானம் எமக்கு வராதபடி தென்புறத்து ஜன்னலோரத்திற்கு இடம் மாறினோம். ஐந்தாண்டுகளாகக் காற்றோட்டத்திற்காக மாறியதாகவே பிறரிடம் கூறிவந்தோம்.

குருவானவர் மூதாட்டியாருக்கு நேரே விடை கூறாமல் ஒரு வரலாற்றைச் சொன்னார். புத்தாண்டு நள்ளிரவில் நாம் வாக்குத்தத்த வசனம் பெறுகிறோம். அட்டையில் அச்சிட்டு வீட்டில் மாட்டுகிறோம். இக்காலத்துக் கைப்பேசியிலோ விடியுமுன்னே வசனங்கள் வந்து குவிகின்றன. இதனையொத்த வழக்கமொன்று ஜெர்மனி தேசத்துச் சாக்சனியிலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் 1728-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் தொடங்கிற்று. அவ்வூர்ப் பிரபுவாகிய ஜின்ஜெண்டார்ப் மறுநாளைக்கென்று ஒரு வாசகத்தைச் சபைக்கு அளித்தார். நாடோறும் ஒன்றாக வீடுதோறும் கொண்டுசெல்லப்பட்ட அவ்வாசகங்கள் 1731 முதல் நூலாக அச்சேறி வருகின்றன. ஹாலே நகரிற் பிராங்கேயின் பள்ளியில் மாணவராயிருந்தபொழுது, நம் தரங்கம்பாடியிலிருந்து செல்லும் மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் இந்த ஜின்ஜெண்டார்ப் என்பதும் நம்மவர் அறியத்தக்கது.

குருவானவர் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஆண்டின் செய்தியே. மொராவியாவில் நேர்ந்த உபத்திரவத்திற்குத் தப்பி 1722 முதல் அங்கே குடியேறியவர்கள், பிறரும் வந்து சேர்ந்தபின், ஐந்தாண்டுக்குள் தமக்குள்ளே பிளவுண்டனர். உபதேசத்தாற் பிணக்கு, வழிபாட்டு முறையாற் பிணக்கு. 1727 மே 12-ஆம் நாள் பொது உடன்படிக்கையொன்றுக்கு இசைந்தனர். ஆகஸ்டு 13-ஆம் நாள் அடுத்துள்ள பெர்தெல்ஸ்டார்ப் ஆலயத்தில் ஒருமித்துத் திருவிருந்திற் பங்குபெற்றபொழுது அவர்கள் கசப்புக் கரைந்தது. அம்மாதம் முடியுமுன்னே 24 ஆடவரும் 24 பெண்டிரும் நாளின் மணிகளைப் பங்கிட்டு ஜெபிக்கத் தொடங்கினர். அந்த ஜெபம் நூறாண்டுக்கு மேலும் தொடர்ந்தது. 1732-இல் இருவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மிஷனெரிகளாய்ப் புறப்பட்டனர். 1760-இல் அச்சகோதரர் தரங்கம்பாடிக்கும் வந்தனர். “வாசகமும் ஜெபமும் மிஷனும் பின்னர் வந்தவை. நாமோ பின்னர் வருவனவற்றை முன்னே வைத்துப் பட்டியல் எழுதுகிறோம்” என்றார் குருவானவர். எம் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

இவ்வளவில் எல்லோரும் மனமிளகினர் என்றெழுதினால் அது பொய்யாகும். கைம்பெண் ஒருவர் எழுந்து, “என் நிலத்தை வைத்துக்கொண்டிருப்பவர் கையை நான் பிடிக்கவேண்டுமா?” என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. தீங்கு செய்தவர் திருந்தாதிருக்க, தீங்குற்றவரை மட்டும் கை நீட்டச் சொல்வது ஒப்புரவாகாது. ஊரார் கண்ணுக்கு இட்ட பூச்சேயாகும். குருவானவரும் அதனை ஒத்துக்கொண்டு, அவ்வழக்கை மூப்பர் இருவரோடு தாமே சென்று விசாரிப்பதாக அங்கேயே வாக்களித்தார்.

முடிவில் ஏற்பட்ட திட்டம் சிறியது. அடுத்த ஆண்டிறுதி ஆராதனைக்குள் எம் ஆலயத்திற் சமாதானம் எப்பெஞ்சிலும் நில்லாமற் செல்லவேண்டும் என்பதே நோக்கம். மாற்கு சுவிசேஷ வாசிப்பும் அதற்கே துணையாயிற்று. எழுத்தறியாத முதியோர்க்குத் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் வீடு சென்று வாசிப்பர். எவ்வீட்டோடு பேச்சில்லையோ அவ்வீட்டிற்கே ஒவ்வொரு பிள்ளையையும் அனுப்பும்படி ஓய்வுநாட் பள்ளி ஆசிரியர் பெயர்களை அமைத்துவிட்டார். இதனைச் சூழ்ச்சி என்பாரும் உளர். கைப்பிடி அரிசியையும் அவ்வாறே கீழத்தெருவார் மேலத்தெருவிலும், மேலத்தெருவார் கீழத்தெருவிலும் சேர்ப்பது என்றாயிற்று. கோபுரம் கைவிடப்படவில்லை, பொருளாளர் அத்துணை எளிதில் விடுபவரல்லர். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப்பின் பேசலாமென்று ஒத்திவைக்கப்பட்டது.

டிசம்பர் 30-ஆம் நாள் அந்திவேளையில் யாம் அண்ணன் வீட்டிற்குச் சென்றோம். வாசல்வரை சென்று ஒருமுறை திரும்பியதையும் மறையாது சொல்லவேண்டும். மதினியார்தாம் கண்டு, “வாங்க தம்பி” என்று அழைத்துக் காப்பி கொடுத்தார். அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து எதிரில் அமர்ந்தார். மழையைப்பற்றிப் பேசினோம், குளத்தில் எத்துணை நீர் நிற்கிறதென்று பேசினோம். தேர்தலைக் குறித்துச் சொல்ல எண்ணி மனத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. புறப்படும்போது, “நான் செய்தது தவறு அண்ணாச்சி” என்றது மட்டும் வந்தது. அவர் விடை கூறவில்லை. தெருமுனைவரை விளக்குப் பிடித்து வந்தார்.

புத்தாண்டு நள்ளிரவில் நான்காம் பெஞ்சில் அமர்ந்தோம். அண்ணன் சற்றுப் பிந்தி வந்தார், நின்று பார்த்தார், பின் எம் பக்கத்திலேயே அமர்ந்தார். சமாதானம் முன்வரிசைகளைக் கடந்து எம் வரிசைக்கு வந்தது. அவர் எம் முகத்தை நோக்கவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த அக்கை எம் கையைப் பற்றியது. அடுத்தவருக்குக் கொடுக்க யாம் திரும்பவேண்டியிருந்தும், அவர் உடனே விடவில்லை.