பச்சை உடம்பின் நாற்பத்திரண்டு நாள்

முதல் நாள்

நஞ்சுக்கொடி வெளியேறியதும், ஏறத்தாழ 1 கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் உருண்டையாகத் தட்டுப்படும் கருப்பை, நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக்குழாய்களைத் தன் தசைநார்களாலேயே இறுக்கி மூடுகிறது. செவிலியர் அடிக்கடி வந்து அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பது களைத்துக் கிடக்கும் தாய்க்கு வேதனையாக இருந்தாலும், அவர் தேடுவது அந்தக் கெட்டித்தன்மையைத்தான். கருப்பை தளர்ந்துவிட்டால் இரத்தப்போக்கு நிற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, பெரிய இரத்தக் கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றினாலோ, அடுத்த சுற்றுக்குச் செவிலியர் வரும்வரை காத்திராமல் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சுகப்பிரசவம் என்று ஊர் சொல்லும் சொல்லில் தையலுக்கு இடமில்லை. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசைப்பகுதி குழந்தையின் தலை வெளிவரும்போது கிழிவதுண்டு. சில வேளைகளில் வழியை அகலப்படுத்த மருத்துவரே கத்தரித்துவிடுவதும் உண்டு. அவ்வாறு கத்தரிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் பரிந்துரைகளில் கூறியிருக்கிறது. தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை, தசையும் சேர்ந்து கிழிந்தால் இரண்டாம் நிலை, மலத்தை அடக்கும் வளையத்தசை வரை சென்றால் மூன்றாம் நிலை, மலக்குடலின் உட்சவ்வும் கிழிந்தால் நான்காம் நிலை என்று மருத்துவம் பிரிக்கிறது. தனக்கு நேர்ந்தது எந்த நிலை என்பதைத் தாய் அறிந்திருக்க வேண்டும். பின்னால் வரும் வாரங்களின் வலியும் கவனிப்பும் அதைப் பொறுத்தே அமைவதால், வீட்டுக்குப் போகும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவளது உரிமை.

இரண்டாம் நாள்

வீக்கம் மிகுந்திருக்கும் இந்நாட்களில், பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றித் தையலின் மேல் 10 முதல் 20 நிமிடம் வரை வைத்து எடுப்பது வலியைத் தணிக்கிறது. பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது என்று அஞ்சும் பாட்டிமாரின் அக்கறை உண்மையானது. எனினும் வீங்கிய ஓரிடத்தைச் சிறிது நேரம் குளிர்விப்பது வேறு, உடம்பு முழுவதும் நடுங்கும்படி விடுவது வேறு. வீக்கம் வடிந்தபின், அகன்ற தொட்டியில் இளஞ்சூடான சுத்தமான நீரை நிரப்பி இடுப்பளவு அமர்ந்திருப்பது இதம் தரும்.

சிறுநீர் தையலில் படும்போது உண்டாகும் எரிச்சலுக்கு அஞ்சி நீர் அருந்தாமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் பெரும் தவறாக முடியும். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பை சுருங்குவதைத் தடுக்கும். கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். பின்னர் துடைக்காமல், முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுக்க வேண்டும். பாராசிட்டமால் பாலூட்டும் தாய்க்குப் பொதுவாகத் தீங்கற்றது. மருத்துவர் குறித்த அளவில் அதை உண்ணத் தயங்கி, வலியைப் பொறுப்பதே தாய்மையின் இலக்கணம் என்று எண்ணுவதில் பயனேதும் இல்லை.

குழந்தை மார்பைப் பற்றும்போதெல்லாம் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம், பால் வெளிவரத் தூண்டும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரே கருப்பையையும் சுருக்குவதாகும். முதற்பேற்றைவிட அடுத்தடுத்த பேறுகளில் இந்தப் பின்வலி கூடுதலாக இருக்கும்.

மூன்றாம் நாள்

சீம்பால் மாறிப் பால் பெருகத் தொடங்கும் இந்நாளில் மார்பு கல்லைப்போல் கனத்து வலிக்கும். அடிக்கடி ஊட்டுவதே அதற்கு முதல் மருந்து. அதே நாளில் காரணம் தெரியாத அழுகையும் வரலாம். இயக்குநீர்களின் திடீர் வீழ்ச்சியும் உறக்கமின்மையும் சேர்ந்த அந்தக் கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்குகிறது.

தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மலம் கழிப்பதைத் தள்ளிப்போடுவது பல தாய்மார் வெளியே சொல்லாத துன்பம். தையல் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. கீரையும் பழமும் போதிய நீரும், தேவையெனில் மருத்துவர் தரும் மலமிளக்கியும், அமரும்போது சுத்தமான துணியை மடித்துத் தையலின் மேல் மெல்லத் தாங்கிப் பிடிப்பதும் அந்த அச்சத்தைக் குறைக்கும்.

ஏழாம் நாள்

தமிழ்நாட்டு வீடுகளின் பத்தியச் சமையலில் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் மிளகு ரசமும் பிரசவ லேகியமும் இடம்பெறுகின்றன. இவற்றுள் பால்சுறா, இழந்த இரத்தத்தையும் தசையையும் ஈடுசெய்யப் புரதம் தருவது என்பதால் அந்த மரபைப் போற்றத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சில வீடுகளில், தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் அல்லது தையலில் சீழ் வைக்கும் என்று நம்பி, தாகத்தால் தவிப்பவளுக்கும் அளந்தே கொடுக்கிறார்கள். இதை மட்டும் மரபென்று மதித்து ஏற்க இயலாது. பாலாகச் சுரப்பதும் மலத்தை இளக்குவதும் சிறுநீர்த் தொற்றைத் தள்ளிவைப்பதும் நீரே. வயிற்றைத் துணியால் கட்டுவது முதுகுக்கு ஆதரவாக இருக்கலாம், எனினும் கருப்பை தானாகவே சுருங்குவதால், மூச்சு முட்டும்படி இறுக்குவதில் பொருளில்லை. பிரசவத்துக்குப் பின்னும் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும்.

பத்தாம் நாள்

முதல் மூன்று நான்கு நாள் சிவந்திருந்த போக்கு, பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாகி, இப்போது வெளிறத் தொடங்குகிறது; ஒருநாள் வேலை கூடினால் மறுநாள் மீண்டும் சிவப்பது, ஓய்வு போதவில்லை என்று உடம்பு சொல்லும் செய்தி. துர்நாற்றம், குளிருடன் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் தையல் வலி ஆகியவை வேறு வகை. பிரசவ ஜன்னி என்று முன்னோர் அஞ்சிய நோயின் அடையாளங்கள் அவை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவும்படி செய்தபோதே அந்த நோயால் நேர்ந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அதே பாடத்தின்படி, தையல் பகுதியைத் தொடுமுன்னும் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுவதும், 4 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நாப்கினை மாற்றுவதும் இன்றும் தாய்க்குக் காப்பு. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால், அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். தேய்த்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பதினாறாம் நாள்

தீட்டுக் கழிக்கும் நாள் சமூகத்துக்குச் சமூகம் மாறும். எந்நாளாயினும், உறவினர் முன் மணிக்கணக்கில் நிமிர்ந்து அமர்ந்திருப்பது ஆறாத தையலுக்குக் கடுமையானது என்பதால், ஒருக்களித்துப் படுக்க அவளுக்கு ஓர் அறையை ஒதுக்கிவைப்பது நல்லது.

முப்பதாம் நாள்

தோலுக்குள் கரையும் நூல்கள் இதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. வலி அடங்கினாலும், தும்மும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசிவது நிற்காதவர்கள் உண்டு. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று மூத்தவர்கள் ஆறுதல் கூறினாலும், அது பொறுத்துப்போக வேண்டிய ஒன்றல்ல. இடுப்புக்குழியின் அடியில் தொட்டில்போல் விரிந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விளக்கினார். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளிழுத்து, சில நொடி நிறுத்தி, மூச்சை அடக்காமல் தளர்த்துவதே அதன் முறை. படுத்தபடி பால் கொடுக்கும்போதே செய்துவிடலாம்.

முன்பு சொன்ன அழுகை இன்னும் நீடித்து, குழந்தையின் மீதும் பற்றில்லாமல், உயிர் வாழ்வதே பாரமாகத் தோன்றினால், அது மனச்சோர்வு நோய். மருந்தும் ஆலோசனையும் அதற்குண்டு.

நாற்பத்திரண்டாம் நாள்

கருப்பை ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும் இந்த ஆறாம் வாரத்தில் தாயை மீண்டும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. இந்தியத் தடுப்பூசி அட்டவணையில் குழந்தைக்கு ஐங்கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை வருவதும் இதே வாரத்தில்தான். ஆகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண், அன்றைக்கே தன் தையலைப் பார்க்கச் சொல்லலாம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைச் சோதிக்கச் சொல்லலாம், சிறுநீர் கசிவதையும் உடலுறவின்போது வலிப்பதையும் அடுத்த கருவைத் தள்ளிப்போடும் வழியையும் வாய்விட்டுக் கேட்கலாம். உடன் வந்த தாயோ மாமியாரோ அப்போது குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே அமர்ந்திருந்தால், கூச்சமின்றிப் பேச அவளுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.